சந்தேகத்தின் பலன் யாருக்கு?

2003 பிப்ரவரி 12 அன்று வடகிழக்கு காங்கோவின் இத்தூரி பகுதியில், ருவம்பாரா பயிற்சி முகாமில் ஒரு வீடியோ எடுக்கப்பட்டது. படைத் தலைவர் தாமஸ் லுபாங்கா புதிதாகச் சேர்ந்தவர்களிடம் உற்சாகமூட்டிப் பேசுகிறார். எதிரே நிற்பவர்களில் வளர்ந்தவர்களும் உண்டு, சிறுவர்களும் உண்டு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச் 14 அன்று, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் வரலாற்றின் முதல் தீர்ப்பை வழங்கியபோது, அது பெரிதும் சாய்ந்து நின்றது இத்தகைய வீடியோக்களின் மேல்தான்.

குற்றச்சாட்டு எளிமையானது: 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்த்தார், போரில் பயன்படுத்தினார். அவர்கள் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று நிரூபிப்பதுதான் சிக்கலாக இருந்தது. அரசுத் தரப்பு தன் சாட்சிகளின் மணிக்கட்டையும் பற்களையும் எக்ஸ்ரே எடுத்து நிபுணர்களை அழைத்து வந்தது. அந்த முறை ஐரோப்பிய, அமெரிக்க உடல்களை வைத்து உருவானது, மருத்துவத் தேவைக்கானது, துல்லியமான வயதைச் சொல்ல ஏற்பட்டதல்ல என்று கருதி நீதிபதிகள் அதை மிகுந்த எச்சரிக்கையோடு அணுகினார்கள். பள்ளிப் பதிவேடுகள் சில சாட்சிகள் சொன்ன வயதோடு பொருந்தவில்லை. முன்னாள் குழந்தைப் போராளிகள் என்று வந்தவர்களின் வாக்குமூலங்களோ, இடைத்தரகர்கள் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவை மற்றவர்களின் சாட்சியங்களும், வீடியோவும், நீதிபதிகளின் கண்களும். பார்த்த மாத்திரத்தில் 15க்கு வெகுவாகக் குறைந்தவர் என்று தெரிந்தவர்களை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். ஐயத்துக்கு இடமிருந்தவர்களை விட்டுவிட்டார்கள். லுபாங்காவுக்கு 14 ஆண்டு சிறை. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு இதை உறுதிசெய்தபோதும், நீதிபதி அனிதா உஷாட்ஸ்கா உடன்படவில்லை: ஐயத்துக்கு அப்பாற்பட்டு வயது நிரூபிக்கப்படவில்லை என்பது அவர் கருத்து.

தீர்ப்பு சரியா என்பது என் கேள்வி அல்ல. சரி என்றே நினைக்கிறேன். என்னை உறுத்துவது அந்த வீடியோவில் இருந்திருக்கக்கூடிய 14 வயதுக்காரன். சற்றே உயரமானவன், தோள் அகன்றவன். அவனைப் படையில் சேர்த்ததும் அதே போர்க்குற்றம்தான். ஆனால் அவன் முகத்தில் அது எழுதியிருக்கவில்லை. ஆகவே நீதியின் கணக்கில் அவன் வரவில்லை.

போரில் சிக்கிய குழந்தையின் வயது மூன்று இடங்களில் கேள்விக்குள்ளாகிறது. படைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்; பிடிபட்ட பிறகு தடுப்புக்காவலில்; பின்னொரு காலத்தில் அவனைச் சேர்த்த தளபதி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது. முதல் இரண்டு இடங்களிலும் சந்தேகத்தின் பலன் குழந்தைக்குப் போக வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட நெறி. மூன்றாவது இடத்தில் அது கூண்டில் நிற்பவருக்குப் போகிறது. குற்றவியல் சட்டத்தின் அடித்தளமே அதுதான், அதை அசைக்க முடியாது. விளைவு விசித்திரமானது. ஒரே சிறுவன், ஒரே உடல். சிறையில் குழந்தையாக நடத்தப்பட வேண்டியவன், தனக்கு இழைக்கப்பட்ட குற்றத்தின் விசாரணையில் குழந்தை என்று நிரூபிக்கப்படாதவனாகிறான்.

சட்டத்துக்குள்ளேயே இரண்டு கோடுகள் இருப்பது இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு எழுதப்பட்ட கூடுதல் நெறிமுறைகள் 15 வயதில் கோடு போட்டன. 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தை என்றால் 18க்குக் குறைந்தவர் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டு, போர் பற்றிய 38-வது பிரிவில் மட்டும் 15க்கு இறங்கியது. அந்த உடன்படிக்கைக்கு 2000-இல் வந்த விருப்ப நெறிமுறைதான் கோட்டை 18க்கு உயர்த்தியது. அதிலும் ஆயுதக் குழுக்களுக்கு ஒரு விதி, அரசுகளுக்கு ஒரு விதி: குழுக்கள் 18க்குக் குறைந்த எவரையும் சேர்க்கவே கூடாது, அரசுகளோ தாமாக முன்வரும் 16 வயதுக்காரரைச் சேர்க்கலாம், களத்தில் மட்டும் இறக்கக் கூடாது. பிரிட்டன் இன்றும் பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் ஆள் எடுக்கிறது. சட்டம் எழுதிய மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். இதற்கிடையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையான 1998-இன் ரோம் சாசனம் போர்க்குற்றத்துக்கு 15-ஐயே வைத்துக்கொண்டது. ஆக, வயதை மதிப்பிடுபவர் ஒன்றுக்கு அல்ல, இருவேறு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

விருப்ப நெறிமுறையின் மூன்றாவது பிரிவு, தாமாகச் சேர்பவர் நம்பத்தக்க வயதுச் சான்றைக் காட்ட வேண்டும் என்கிறது. எழுதுவது சுலபம். யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு உலகில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில். பதிவாளர் அலுவலகம் எரிந்த ஊரில்தான் போர் நடக்கிறது. போர் நடக்கும் ஊரில்தான் பதிவாளர் அலுவலகம் எரிகிறது. காகிதம் இருக்கும் இடத்திலும் அது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் பழைய காகித அடையாளச் சான்றான தஸ்கிராவில் பல நேரம் பிறந்த தேதியே இருக்காது. இன்ன ஆண்டில் தோற்றத்தைக் கொண்டு இத்தனை வயது என்று ஓர் அதிகாரி எழுதியிருப்பார். அதிகாரியின் ஊகம் முத்திரை பெற்று ஆவணமாகிறது. அந்த ஆவணத்தைக் காட்டித்தான் பிள்ளை காவல்துறையில் சேர வந்தான். மேற்கு நாடுகளில் குடியேறிய ஆப்கானியர், சோமாலியர் பலருக்கும் ஜனவரி 1 பிறந்தநாளாக இருப்பதும் இப்படி வந்ததுதான்.

காகிதம் இல்லாத இடத்தில் மக்கள் வயதையே அறியாதவர்கள் என்று நினைப்பது தவறு. நம் பாட்டிமார் தனுஷ்கோடிப் புயலையும், மட்டக்களப்பில் 1978 சூறாவளியையும் வைத்துப் பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்டவர்கள்தானே. மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்த வழக்கத்தையே உள்ளூர் நிகழ்வு நாட்காட்டியாக்கிப் பயன்படுத்துகிறார்கள். கோமா நகரத்தாரிடம் 2002 ஜனவரியில் நீராகொங்கோ எரிமலை வெடித்ததற்கு முன்னா பின்னா என்று கேட்கலாம். காபூலில் 1996 செப்டம்பரில் தாலிபான் நுழைந்தபோது பிள்ளை தவழ்ந்தானா நடந்தானா என்று தாயிடம் கேட்கலாம். அண்ணன் தம்பி வரிசை, எந்த வகுப்பில் படிப்பு நின்றது, சுன்னத்து எப்போது நடந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் ஆறு மாதத் துல்லியம்கூடக் கிடைக்கும். ஆனால் இதற்குப் பொறுமையும், அந்த மொழி பேசும் ஆளும், உயிரோடு இருக்கும் ஓர் உறவினரும் வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்துக்கு இவை எதுவும் வேண்டாம். அதிகாரிகளுக்கு அது பிடித்துப்போவதன் காரணம் அறிவியல் அல்ல, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இயந்திரம் என்ன சொல்கிறது? மணிக்கட்டு எக்ஸ்ரேயை ஒப்பிட இன்றும் பரவலாகப் பயன்படும் கிராய்லிக்–பைல் படத்தொகுப்பு 1950-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1959. அதிலுள்ள படங்கள் 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், பெரும்பாலும் வசதியான வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை. ஒரு பிள்ளையின் எலும்பு வளர்ச்சி அவன் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்ப்பதற்காக வந்த நூல் அது. வயது தெரிந்தால் வளர்ச்சியை அளக்கலாம். வளர்ச்சியைக் கொண்டு வயதை அளக்கப்போனால் கணக்குத் தலைகீழாகிறது; இடைவெளி இரண்டு ஆண்டு வரை முன்பின் போகும். அதோடு, 17 வயதுப் பையன்கள் பலருக்கு மணிக்கட்டு எலும்புகள் மூடிக்கொள்ளும் கட்டத்தில் இருக்கும். மூடிவிட்டால் 17-ஐயும் 19-ஐயும் அந்தப் படம் பிரித்துச் சொல்லாது. கேட்கப்படும் கேள்வியோ சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. நாள்பட்ட பட்டினியும் நோயும் எலும்பு முதிர்வைத் தாமதப்படுத்தும். எனவே சத்தில்லாமல் வளர்ந்த பிள்ளையின் எலும்பு அவன் உண்மை வயதைவிடக் குறைவாகவே காட்டக்கூடும். முகம் நேர்மாறு. வெயிலும் சுமையும் தழும்பும் கண்ட காட்சிகளும் அச்சமும் சேர்ந்து 15 வயது முகத்தை 20 ஆக்கிவிடும். அதனால் சிறையில் ஆபத்தானது காவலரின் கண். தளபதியின் வழக்கில் ஆபத்தானது எலும்பு. குறைத்துக் காட்டும் எந்த அளவுகோலையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் உடைத்துவிடுவார், உடைக்கவும் வேண்டும். ஒரே கருவியை மூன்று இடத்துக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பருவமடைந்த அடையாளங்களைப் பார்ப்பது இன்னும் மோசம். பருவமடைதலின் நிலைகளை வகுத்த பிரிட்டன் மருத்துவர் ஜேம்ஸ் டானரே, 1998-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழுக்கு ஒரு சக மருத்துவரோடு சேர்ந்து கடிதம் எழுதி, வயதைக் கணிக்கத் தன் அளவுகோலைப் பயன்படுத்துவது தவறு என்று கண்டித்தார். அது அமெரிக்கக் குற்ற வழக்குகளைப் பற்றிய கடிதம். ஆனால் முகாமில் பாலியல் வன்முறைக்கு ஆளாகித் தப்பிவந்த சிறுமியை, வயது பார்க்கிறோம் என்று சொல்லி ஆடை களையச் சொல்வதை எந்த விஞ்ஞானமும் நியாயப்படுத்தாது என்பதற்குக் கடிதமே தேவையில்லை.

இந்திய நீதிமன்றங்களுக்கு இது புதிதல்ல. 1982-இல் ஜெயமாலா வழக்கில், ஜம்மு–காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் வயது கேள்விக்கு வந்தபோது, எக்ஸ்ரே சொல்லும் வயது இரு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் தானாகவே ஏற்றுக்கொண்டது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் 94-வது பிரிவில் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால் மட்டும் எலும்புச் சோதனை என்று வரிசை வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு 2019-இல் வெளியிட்ட 24-வது பொதுக் கருத்துரையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: ஆவணத்தை நம்பு, பெற்றோரை, ஆசிரியரை, மதகுருவைக் கேள், அதன் பிறகே மருத்துவர், எலும்பையும் பல்லையும் மட்டும் நம்பாதே, அப்போதும் தெளியாவிட்டால் சந்தேகத்தின் பலன் குழந்தைக்கே.

இந்த நெறி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் குவாண்டனாமோ தடுப்புச் சிறை ஓர் உதாரணம். 2002 டிசம்பரில் காபூலில் அமெரிக்க வாகனத்தின்மீது கையெறிகுண்டு வீசியதாக ஓர் ஆப்கான் சிறுவன் பிடிபட்டான். அவனுக்கு 12 வயது இருக்கும் என்றது குடும்பம். எலும்பு ஸ்கேன் அப்படிச் சொல்லவில்லை, பதினேழை ஒட்டியவன் என்றது பென்டகன். பிறந்த தேதி யாரிடமும் இல்லை. குவாண்டனாமோவில் பெரியவர்களோடு அடைத்தார்கள், தூங்கவிடாமல் அறைவிட்டு அறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சித்திரவதைக்குப் பிறகு பெறப்பட்டது என்று 2008-இல் இராணுவ நீதிபதியே அவன் வாக்குமூலத்தைத் தள்ளினார். 2009 ஆகஸ்ட்டில் விடுதலை. இதில் கவனிக்க வேண்டியது: ஸ்கேனை அப்படியே ஏற்றாலும் அவன் 18க்குக் குறைந்தவன்தான். அறிவியலை அழைத்தவர்கள் அது சொன்னதைக்கூடக் கேட்கவில்லை.

வயது மதிப்பீடு உண்மையில் பாதுகாப்பாக வேலைசெய்வது முதல் இடத்தில், ஆள் எடுக்கும் வாசலில். ஆப்கான் அரசு 2011 ஜனவரியில் ஐ.நா.வோடு, பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதை நிறுத்தும் செயல்திட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு, தேசியக் காவல்துறையின் ஆள்சேர்ப்பு மையங்களில் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. வருபவரின் தஸ்கிராவைப் புரட்டி, கேள்வி கேட்டு, ஐயமிருந்தால் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்த வாசலில் திரும்பினார்கள். ஆனால் அந்த வாசலே இல்லாத உள்ளூர்க் காவல் படைகளிலும் அரசு ஆதரவுக் குழுக்களிலும் பிள்ளைகள் தொடர்ந்து சேர்ந்தார்கள். பிலிப்பைன்ஸின் மின்டனாவோவில் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி 2009-இல் செயல்திட்டம் ஏற்றது. அங்கே பிறப்புப் பதிவு அரிது, பருவமடைந்தவன் பெரியவன் என்பது வழக்கம். ஊர் ஊராகப் போய் 1,869 பிள்ளைகளை அடையாளம் கண்டு விடுவித்தார்கள். 2017-இல் அந்த அமைப்பு, பிள்ளைகளைச் சேர்க்கும் தரப்புகளின் ஐ.நா. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை இது ஆரவாரமில்லாமல் நடந்த உருப்படியான வேலை.

மியன்மாரின் கதை ஏறி இறங்கியது. அங்கே இராணுவத்தில் சேர 18 வயது ஆக வேண்டும் என்பது பழைய விதி. ரயில் நிலையத்திலும் சந்தையிலும் பையன்களைப் பிடித்த தரகர்கள், குடும்பப் பட்டியலில் வயதைத் திருத்தி, கேட்டால் 18 என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓடிவந்தவன் தப்பியோடிய சிப்பாய் என்று கைதானான். 2007-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாகப் பெற்றோர் புகார் கொடுக்க வழி பிறந்தது; 2012 ஜூனில் செயல்திட்டம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தவணை தவணையாக விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் வெளியே வரும்போது 18-ஐத் தாண்டியிருந்தார்கள். விடுதலைக்குரிய கணக்கு சேர்ந்த நாளின் வயது, வெளியேறும் நாளின் வயது அல்ல. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின், 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் உயிர்பெற்றதும், 18க்குக் குறைந்தவர்களும் இழுத்துச் செல்லப்படுவதாகச் செய்திகள் மீண்டும் வரத் தொடங்கின.

இலங்கையின் வன்னியிலும் இதே கணக்குதான் தகராறாக இருந்தது. யுனிசெஃப் தன் பதிவேட்டில் பெற்றோர் சொன்ன ஒவ்வொரு பிள்ளையையும் சேர்ந்தபோதிருந்த வயதோடு எழுதிவந்தது. பிள்ளைகள் வயதை மறைத்துத் தாமாக வந்தார்கள் என்பது விடுதலைப் புலிகள் தரப்பில் அடிக்கடி சொல்லப்பட்ட பதில். 2006-இல் அவர்கள் தங்கள் பகுதிக்கென இயற்றிய சட்டம் சேர்க்கும் வயதை 17 என்றும், களத்துக்குப் போகும் வயதை 18 என்றும் வைத்தது. அனைத்துலக நெறியிலிருந்து ஓராண்டு இடைவெளி. அந்த ஓராண்டுக்குள் விழுந்த பிள்ளைகள் குறைவல்ல. இறுதி ஆண்டுகளில் பிள்ளையைப் பிடித்துப்போகாமல் இருக்கப் பெற்றோர் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். குழந்தையாக இருப்பது காப்பாற்றாதபோது, பெரியவளாகக் காட்டுவது காப்பாற்றும் என்று நம்ப வேண்டியிருந்தது. 2009-இல் சரணடைந்தவர்களில் 594 பேர் சிறுவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். வழக்கில்லாமல் மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பப்பட்டு, ஓராண்டுக்குள் வீடு திரும்பினார்கள். பத்து இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த 17 வயதுக்காரர் ஒருவர் கோட்டின் எந்தப் பக்கம் நின்றார் என்பது, பெரியவர்களுக்கான தடுப்பு முகாமா பள்ளியா என்பதைத் தீர்மானித்தது.

இதே கோடு சில இடங்களில் தண்டனையின் வாசலாகிறது. சோமாலியாவின் 2012 இடைக்கால அரசியலமைப்பு 18க்குக் குறைந்தவரைக் குழந்தை என்கிறது. ஆனால் 2016-இல் அல் ஷபாப் ஆயுதக் குழு அனுப்பிய பிள்ளைகள் பந்த்லாந்தில் பிடிபட்டபோது, இளையவர்கள் மறுவாழ்வுக்கும் சற்று மூத்தவர்கள் இராணுவ நீதிமன்றத்துக்கும் போனார்கள். மரண தண்டனை வரை விதிக்கப்பட்டது. போராளிகளின் குடும்பங்கள் அடைக்கப்பட்ட வடகிழக்குச் சிரியாவின் முகாம்களில் பதின்ம வயதை எட்டும் பையன்கள் தாயிடமிருந்து பிரித்து வேறிடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2022 ஜனவரியில் ஹசக்கா சிறை தாக்கப்பட்டபோது அதற்குள் ஏறத்தாழ 700 சிறுவர்கள் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அங்கே பையனின் வயதைத் தோற்றத்தைக் கொண்டு முடிவுசெய்தது அவனைப் பாதுகாப்பதற்கல்ல, இடம் மாற்றுவதற்கு.

இந்தப் பையன்களில் பலர் 12, 13 வயதில் அடைக்கப்பட்டு, குற்றச்சாட்டே இல்லாமல் உள்ளேயே 18-ஐத் தாண்டிவிட்டார்கள். இன்று ஒரு மருத்துவர் போய் அவர்களின் மணிக்கட்டைப் படமெடுத்தால், எல்லோரும் பெரியவர்கள் என்ற விடைதான் கிடைக்கும். அது பிழையான விடை அல்ல. கேட்கப்பட வேண்டிய கேள்விக்கு விடை அல்ல, அவ்வளவுதான். தெரிய வேண்டியது பிடிபட்ட நாளில், அதற்கும் முன் படையில் சேர்க்கப்பட்ட நாளில், என்ன வயது என்பது. எந்த எலும்பும் பின்னோக்கி அதைச் சொல்லாது. ஆகவே முதல் நாளே, கைது செய்பவரோ முகாம் பதிவாளரோ, பிள்ளை சொல்லும் வயது, தாய் சொல்லும் வயது, அண்ணன் தம்பி வரிசை, கடைசியாகப் படித்த வகுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதன் ஒரு நகலைக் குடும்பத்திடமும் ஒரு நகலைச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மூன்றாம் தரப்பிடமும் கொடுத்துவைக்க வேண்டும். இதற்கு ஸ்கேனரும் நிபுணரும் தேவையில்லை. தாளைக் கொடுக்க மறுக்கும் நிர்வாகம், பின்னாளில் அந்தப் பிள்ளை பெரியவர் என்று வாதிட வந்தால், நிரூபிக்கும் சுமை அதன் மேல்தான் விழ வேண்டும்.